கூரையில்லாத கோயிலில் வந்த அழைப்பு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சிரிப்பதென்றால் சிரியுங்கள். எனக்குப் பேய், பிசாசு, ஆவி, இந்த இழவு ஒன்றிலும் நம்பிக்கை இருந்ததில்லை. பலெர்மோவில் நான் முதன்முதல் எடுத்த வீடு போர்கோ வெக்கியோவில், ஒரு கிழவர் தூக்குப் போட்டுச் செத்த வீடு என்று ஒருவரும் எடுக்காமல் கிடந்தது, எங்கள் ஆட்கள் அந்த வாசலைக் கடக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டு போவார்கள், நான் அந்த மனுசன் தொங்கிய அறையிலேயே கட்டிலைப் போட்டு ஒன்பது வருடம் குறட்டை விட்டுத் தூங்கினேன். வேலையும் அப்படித்தான், வயதானவர்களை அவர்கள் வீட்டோடு இருந்து பார்க்கிற வேலை. மூன்று பேர் என் கையில்தான் செத்தார்கள். உடம்பைத் துடைத்து, உடுப்பு மாற்றி, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, சவப்பெட்டிக்காரன் வரும்வரை பக்கத்திலிருந்து பாண் சாப்பிட்டிருக்கிறேன். ஒருவரும் எழும்பி வந்து என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே இதைச் சொல்கிறவன் பயந்தாங்கொள்ளி இல்லை. நடந்ததும் சாமத்தில் இல்லை. போன வருடம் செப்டெம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். நான் குடித்திருக்கவும் இல்லை, நான் குடிக்கிறதில்லை. இதைச் சொல்வதென்றால் என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும், அதுதான் கஷ்டம்.

தம்பியின் பெயர் றெஜி. என்னைவிட ஆறு வயது இளையவன், வீட்டில் கடைக்குட்டி. மன்னார் என்று சொன்னவுடன் எல்லோரும் எங்களைக் கடலோடிகள் என்று நினைத்துவிடுவார்கள், நாங்கள் முருங்கன் பக்கம், வயல்காரர், குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கப் பயந்த ஆட்கள். இருபத்தாறு வருடத்துக்கு முன் நானும் அவனும் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து, துருக்கியில் ஒரு ஓட்டைக் கப்பலில் ஏறி இந்தப் பக்கம் வந்தோம். எனக்கு இருபத்தைந்து, அவனுக்குப் பத்தொன்பது. கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், விடிகிற நேரம், கழுத்தளவு தண்ணீர்தான், இறங்கி நடந்து போங்கள் என்று எங்களைத் தள்ளிவிட்டார்கள். முதலில் நீந்திப் போன ஒருவன் கரைப் பாறையில் கயிறு கட்டியிருந்தான். என் ஒரு கையில் கயிறு, மற்றக் கையில் தம்பியின் கை. பெரிய அலை ஒன்று வந்தது, கை நழுவிவிட்டது. கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தால் அவன் இல்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை. கூட வந்தவர்களில் ஒருவரும் எங்கள் ஊர்க்காரர் இல்லை, ஆளுக்கொரு நாடாகப் போய்விட்டார்கள்.

நான் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்து, தொலைபேசிக் கடை ஒன்றிலிருந்து முதல்முறையாக அம்மாவுக்கு எடுத்தபோது அம்மா என் குரலைக் கேட்டு அழுதுவிட்டு உடனே கேட்டது, "தம்பி எங்கை? தம்பியட்டைக் குடு" என்றுதான். சத்தியமாக நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவன் பிரான்சுக்குப் போயிட்டான் அம்மா, அங்கைதான் வேலை இருக்காம்" என்று வாய் சொல்லிவிட்டது. அம்மா, "ஓமோ, நல்லது, கடவுளே" என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது. ஒருமுறை சொன்ன பிறகு எப்படித் திருப்பி எடுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அதோடு விட்டேனா. இரண்டு மாதம் கழித்து நானே றெஜியாகி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல், லைனும் அந்தக் காலத்தில் கரகரவென்று இருக்கும், மற்றபடி அவன் இழுத்து இழுத்துக் கதைப்பான், அதைச் செய்தால் போதும். நத்தார் பண்டிகைக்கு ஒருமுறை, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒருமுறை. இரண்டு பேரும் ஏன் ஒன்றாக எடுப்பதில்லை என்று அம்மா கேட்டபோது, றெஜியாக நின்று என்னைப் பற்றியே முறைப்பாடு சொன்னேன், அண்ணாவுக்கு என்னில் கோபம், என்னைத் தனியாக விட்டுவிட்டார் என்று. அடுத்த கிழமை நான் நானாகவே எடுத்தபோது அம்மா, "அவன் சின்னப்பிள்ளை எல்லே, நீதானே பாக்கவேணும்" என்று ஏசினார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கும் இதுவரை சொன்னதில்லை, பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசைக்குக்கூட வராத சித்தப்பா என்று அவள் அவனைத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

பிறகுதான் இந்த வீடியோ வந்து தொலைத்தது. ஊரில் எல்லோர் கையிலும் போன். அம்மாவுக்கு முகம் பார்க்க வேண்டும். அவனுக்குப் பேப்பர் இல்லை, பொலிசுக்குப் பயம், முகம் காட்டமாட்டான் என்று ஒரு பொய், அவன் இருக்கிற இடத்தில் இன்டர்நெட் இல்லை என்று இன்னொரு பொய். அப்படியே வருடங்களை இழுத்தேன். போன வருடம் ஆடி மாதம் அம்மா படுக்கையில் விழுந்தார். எண்பத்தொரு வயது, இருதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கண்ணும் மூளையும் நல்ல தெளிவு, கற்ராக்ட் வெட்டின பிறகு ஊசியில் நூல் கோர்க்கிற கண். என் தங்கை மெற்றில்டா, அவள்தான் அம்மாவைப் பார்த்தவள், ஒவ்வொரு நாளும் எனக்கு எடுப்பாள்.

"அண்ணா, அம்மாவுக்கு வேறை ஒண்டும் வேண்டாமாம். றெஜியின்ரை முகத்தை ஒருக்காக் காட்டட்டாம், கண்ணை மூடுறன் எண்டுறா. ஒரு நிமிசம் காணும் அண்ணா. அவனுக்கு மனம் கல்லே?"

றெஜியின் பாஸ்போட் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. படத்தைக் கதைக்க வைக்கிற ஏதோ செயலி இருக்கிறதாம், வயதையும் கூட்டலாமாம், என் மகள் பொழுதுபோக்குக்குச் செய்து காட்டியிருக்கிறாள். அதைச் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டு இரவு அந்தப் படத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்து எடுத்து வைத்தேன். செய்யவில்லை. அந்த அளவுக்காவது ஒரு வெட்கம் மிச்சம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் அன்றைக்கு ஒரு கோயிலில் செய்தது விளங்காது. எங்கள் தமிழ்ப் பூசையில் நவம்பர் மாதம் செத்த ஆத்துமாக்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொடுப்போம், பாதர் ஒவ்வொன்றாக வாசிப்பார். இருபத்தைந்து நவம்பரும் நான் அப்பாவின் பெயரை எழுதினேன், மாமாமாரை எழுதினேன், என் கையில் செத்த அந்த மூன்று இத்தாலிக்காரரைக்கூட எழுதினேன், தம்பியை எழுதவில்லை. எழுதினால் பலெர்மோவில் காலையில் வாசித்த பெயர் மத்தியானத்துக்குள் முருங்கனுக்குப் போய்விடும், எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. கடலில் போனவனுக்குக் கல்லறை இல்லை, சரி. ஒரு பூசையும் இல்லை, ஒரு மெழுகுதிரி இல்லை, வாய்விட்டு ஒரு செபம்கூட இல்லை. அவனை நான் உயிரோடு வைத்திருந்த லட்சணம் அது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்வது லிபெர்த்தாப் பகுதியில், எண்பத்துநாலு வயது இத்தாலிக்கார அம்மா ஒருவரிடம், சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்தவர், இன்றைக்கும் என் இத்தாலியனைத் திருத்தாமல் ஒரு நாள் போகாது. அவருக்குப் பழைய கோயில் என்றால் பைத்தியம். மருமகன் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு படகுப் பயணம் பதிவு செய்து கொடுத்தான், வழிகாட்டி ஒருத்தியோடு போய், கடற்கரையில் இடிந்து கிடக்கிற நோர்மன் கோயில் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவது. தரைவழிப் பாதை சரிந்து போனதால் கடலால்தான் போகலாம். இடத்தின் பெயரை நான் சொல்லமாட்டேன், தேடிக்கொண்டு போவீர்கள். மருமகன் கடைசி நேரத்தில் வரமுடியாது என்றான், நான்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. கரையேறின நாளுக்குப் பிறகு நான் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. அதை சிஞ்ஞோராவிடம் எப்படிச் சொல்வது, வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

கால்சாவுக்குப் பக்கத்துப் படகுத்துறையில் காலை ஒன்பதரைக்கு ஏறினோம். பதினைந்து பேர் இருக்கும், பாதிப் பேர் ஜெர்மன்காரர். கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது, நான் நடுவில் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி கியாரா என்றொரு பெட்டை, நல்ல வாய். இந்தக் கோயிலைக் கட்டிய நோர்மன்காரரின் முப்பாட்டன்மார் நோர்வே, டென்மார்க் பக்கத்துக் கடலோடிகளாம், படகுகளில் பிரான்சுக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்து, அங்கேயே குடியேறி, சில தலைமுறைக்குப் பிறகு இங்கே இறங்கி சிசிலிக்கே ராசாவானார்களாம். எங்கள் ஆட்கள் தலைகீழ், இத்தாலியில் இறங்கி பிரான்சுக்கு ஓடுவார்கள் என்று எனக்குள் சிரிப்பு வந்தது. பிரான்ஸ் என்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

இடம் வந்தது. கல்லுப் படியில் சிஞ்ஞோராவை நானும் படகுக்காரனும் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனோம். கோயில் என்றால் மூன்று சுவர், கூரை இல்லை, நிலம் முழுக்க மணலும் முள்ளும். பீடக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. பீடத்துக்கு இடப்பக்கம் ஒரு சின்ன அறை, நிலம் இறங்கிப்போய்க் கடல் தண்ணீர் உள்ளே வந்து முழங்காலளவு நிற்கிறது. சுவரில் ஒரு கப்பல் கீறியிருந்தது, முன்பக்கம் வளைந்து உயர்ந்த கப்பல். வடக்கைக் கண்ணாலும் காணாத பேரப்பிள்ளைகள் முப்பாட்டனுடைய படகை மறக்காமல் கீறியிருக்கிறார்கள் என்று கியாரா சொன்னாள். ஆனால் ஆர் கீறினது, ஏன் கீறினது என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

சிஞ்ஞோரா சும்மா இருப்பாரா. "இது இப்பவும் கோயில்தானோ, இல்லையெண்டால் வெறும் கல்லோ?" என்று கேட்டார்.

கியாரா சொன்னாள், "கோயில்தான் சிஞ்ஞோரா. பீடத்தை ஒருத்தரும் எடுக்கேல்லை. வருசத்திலை ஒருக்கா ஒரு சாமியார் படகிலை வந்து பூசை வைச்சிட்டுப் போறவர்."

அது எனக்குள் போய் இறங்கியது. கோயில்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு தமிழன் இல்லை. இங்கே நான் என்ன பெயரைச் சொன்னாலும் முருங்கனுக்குப் போகாது.

பார்த்து முடித்து எல்லோரும் படகுப் பக்கம் சாப்பிடவும் குளிக்கவும் இறங்கினார்கள். சிஞ்ஞோரா வாசல் நிழலில் கதிரையில் இருந்து, "நீ போ அந்தோனியோ, ஏதோ செய்யவேணும் எண்டு துடிச்சுக்கொண்டு நிக்கிறாய், போய்ச் செய்" என்றார். அந்தோனியோ நான்தான், ஊரில் அன்ரன்.

நான் உள்ளே போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து அவன் முழுப் பெயரையும் சொன்னேன். இருபத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக அவனைச் செத்தவன் என்று வாயால் சொல்லி, செத்தவர்களுக்குச் சொல்லுகிற இளைப்பாற்றிச் செபத்தைச் சத்தமாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து சொன்னேன். ஆமென் என்று முடித்துவிட்டு எழும்புகிறேன், போன் அடிக்கிறது. மெற்றில்டா, வீடியோ. எடுக்காமல் விடுவோமா என்று ஒருகணம் நினைத்தேன், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயத்தில் எடுத்தேன். அங்கே பின்னேரம் நாலு மணி இருக்கும்.

"அண்ணா, அம்மா இண்டைக்கு நல்லா இருக்கிறா. உங்களோடை கதைக்கவேணுமாம்" என்று சொல்லி மெற்றில்டா போனை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

அம்மா கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, நம்புங்கள், அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதில்தான் கண்டிருக்கிறேன்.

"வந்திட்டானே," என்றார்.

"ஆர் அம்மா?"

"உனக்குப் பின்னாலை நிக்கிறான், ஆர் எண்டு கேக்கிறாய். றெஜி வாறான் எண்டு நீ ஏன் முதலே சொல்லேல்லை?"

திரும்பிப் பார்த்தேன். பீடத்துக்குப் பக்கத்து அந்தச் சின்ன அறை, சுவர், தண்ணீர், வெயில். வேறு ஒன்றும் இல்லை, ஒரு பல்லிகூட இல்லை.

"அம்மா, இஞ்சை ஒருத்தரும் இல்லை."

"எனக்கென்ன கண் தெரியாதே? தண்ணிக்கை நிக்கிறான். மேலுக்கு வரச்சொல்லு, தடிமன் பிடிக்கப்போகுது." பிறகு கண்ணைச் சுருக்கி, "என்ன பெனியன் அது? பச்சையிலை, நெஞ்சிலை ஏழு எண்டு போட்டிருக்கு. அவனுக்குப் பெருசு."

கப்பலில் வந்த நாலு நாளும் றெஜி சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டே வந்தான், போட்டிருந்த சேட்டு நாறிப்போய்விட்டது, இறங்குவதற்கு முதல்நாள் அந்தக் கப்பலில் வேலை செய்த துருக்கிக்காரன் ஒருவன் பாவம் பார்த்துத் தன் பழைய பந்தடிக்கிற பெனியனைக் கொடுத்தான். பச்சை. ஏழு. அதை நான் இந்த உலகத்தில் ஒரு மனிசருக்கும் சொன்னதில்லை, எனக்கே மறந்துபோய்விட்டது, அம்மா சொன்ன பிறகுதான் ஞாபகமே வந்தது.

அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"அன்ரன், தம்பிக்கு இப்ப எத்தினை வயசு?"

"நாப்பத்து நாலு அம்மா."

"மீசைகூட வடிவா முளைக்கேல்லை மோனை," என்றார் மெல்லமாக. "போகேக்கை இருந்த மாதிரியே நிக்கிறான். இவனுக்கு வயசே போகேல்லை."

அம்மா தெளிவான மனுசி, எல்லாம் விளங்கிவிட்டது, விளங்கினதை நான் என் கண்ணால் அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன். அழவில்லை, கத்தவில்லை. "பொறு, அவன் ஏதோ சொல்லுறான்," என்றார். சொல்லிவிட்டு, வீடியோ என்பதை மறந்து, பழைய பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது அம்மாவின் காது மட்டும்தான். தோடு போட்டு ஓட்டை பெருத்துப்போன காது, பக்கத்தில் வெள்ளை மயிர். திரை முழுக்க அதுதான். இடைக்கிடை "ஓம்" என்றார். "ஓம் ராசா" என்றார். "பிறகு?" என்றார். நான் போனை என் காதோடு வைத்து அழுத்தினேன், தண்ணீர்ப் பக்கம் ஓடினேன், சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. கடல் கல்லில் அடிக்கிற சத்தம் மட்டும். என் தம்பி எனக்குப் பின்னால் நின்று என் அம்மாவோடு கதைக்கிறான், எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை.

இங்கே உங்களிடம் ஒன்றைத் திருத்தவேண்டும். கை நழுவிவிட்டது என்று மேலே சொன்னேன். எனக்கு நானே அப்படிச் சொல்லிச் சொல்லி அப்படியே வந்துவிட்டது. நழுவவில்லை. அலை வந்தபோது அவனுக்குக் கால் எட்டவில்லை, என் கையில் தொங்கினான், "அண்ணா கொஞ்சம் நில்லுங்கோ" என்றான், கயிறு என் மற்றக் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது, இரண்டு பேரும் போகப்போகிறோம் என்று பட்டது, நான் உதறினேன். உதறிவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன். அவனுக்கு அது தெரியும், நழுவினதுக்கும் உதறினதுக்கும் வித்தியாசம் பிடித்திருந்தவனுக்குத் தெரியாதா.

கடைசியில் அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். கோபம் என்றும் சொல்லமுடியாது, இரக்கம் என்றும் சொல்லமுடியாது, ஒரு புது ஆளைப் பார்க்கிற பார்வை.

"அம்மா, என்ன சொன்னவன்?"

"போனை வை," என்றார். அழைப்பு நின்றுவிட்டது.

வெளியே வந்தபோது சிஞ்ஞோரா என்னைப் பார்த்துவிட்டு, "ஆரோடை கதைச்சனீ? உன்ரை குரல் மட்டும்தான் கேட்டுது" என்றார். என் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேட்கவில்லை, பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து எனக்கு நீட்டினார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு சிஞ்ஞோரா எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது அன்றைக்குத்தான். திரும்ப மெற்றில்டாவுக்கு எடுக்கலாம் என்று பார்த்தால் போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. கியாராவிடம் கேட்டேன், "இஞ்சை ஒருநாளும் சிக்னல் வாறதில்லை, அவசரத்துக்குப் படகு ரேடியோதான்" என்றாள். அழைப்பு வந்த பட்டியலைத் தட்டிப் பார்த்தேன், காலையில் மனைவி எடுத்ததுதான் கடைசி. மெற்றில்டாவின் போனில் அந்த அழைப்பு இருக்கிறது, பதினொரு நிமிடம், அவள் படம் எடுத்து அனுப்பினாள். என்னுடையதில் இல்லை. நீங்கள் ஏதாவது கம்ப்யூட்டர் விளக்கம் சொல்லுவீர்கள், சொல்லுங்கள், நானும் பலபேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பலெர்மோ கிட்டவர கிட்டவர மெசேஜ்கள் வந்து விழுந்தன. அம்மா போனை வைத்த கையோடு பங்குச் சாமியாரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார், றெஜிக்கு ஆத்துமப் பூசை சொல்லவேண்டும், நாளைக்கே சொல்லவேண்டும் என்று. அடுத்தநாள் முருங்கனில் அவன் பெயரை வாசித்தார்கள். அன்று மத்தியானத்துக்கு முன்னமே செய்தி பலெர்மோவுக்கு வந்துவிட்டது, நான் இருபத்தைந்து வருடம் பயந்தது மற்றப் பக்கத்தால் வந்து சேர்ந்தது. என் மனைவி அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரைத் திட்டினனான்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒவ்வொரு நாளும் ஊருக்கு எடுத்தேன். அம்மா கதைக்கமாட்டாவாம். ஒன்பதாம் நாள் விடிய அம்மா போய்விட்டார். மெற்றில்டா சொன்னாள், கஷ்டப்படவில்லை, கடைசிவரை என் பெயரைச் சொல்லவும் இல்லை. நான் பறந்து போனேன், எனக்காக உடம்பை வைத்திருந்தார்கள். பூசையில் இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்தார்கள், அம்மாவையும் தம்பியையும். சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும், அதற்கு நான் தகுதியானவன்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, குசினியில் வைத்து மெற்றில்டாவைக் கேட்டேன். போனை அம்மா காதில் வைத்திருந்தபோது அவள் கட்டிலில் பக்கத்தில் இருந்தவள். அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம், திரையில் நானும் சுவரும்தான் தெரிந்ததாம். ஆனால் அன்று இரவு அம்மா அவளைக் கூப்பிட்டு, றெஜி சொன்னது முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை சொல்லியிருக்கிறார்.

"என்ன சொன்னவன் எண்டு சொல்லு மெற்றில்டா."

"அம்மா வேதாகமத்திலை என்ரை கையை வைச்சுச் சத்தியம் வாங்கினவ. உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு."

"சரி, சொல்லவேண்டாம். நல்லதோ கெட்டதோ, அதையாவது சொல்லு."

"அதையும்தான் சொல்லக்கூடாது எண்டவ," என்றாள். கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

மன்னிப்பாகவும் இருக்கலாம். கடைக்குட்டி, பாசக்காரன், அண்ணாவை ஏசாதையுங்கோ என்று சொல்லியிருக்கக்கூடியவன்தான். அப்படியென்றால் அம்மா அதை ஏன் என்னிடமிருந்து ஒளிக்கவேண்டும். உதறினதைச் சொல்லியிருந்தால், அதை என் முகத்துக்கு நேரே கேட்டிருப்பார், அம்மா வாயில் வைத்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. இப்படி நாள் முழுக்க ஓடுகிறது, சிஞ்ஞோராவுக்குச் சூப் ஆற்றும்போதும் ஓடுகிறது. நவம்பர் வந்தது, தமிழ்ப் பூசையில் தம்பியின் பெயரை என் கையால் எழுதிக் கொடுத்தேன், பாதர் வாசித்தார், எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் மெற்றில்டாவுக்கு எடுக்கிறேன். எடுப்பாள். பிள்ளைகள் எப்படி என்று கேட்பாள், மழையைப் பற்றிச் சொல்லுவாள், சாப்பிட்டீங்களோ என்பாள், ஒரு குறையும் இல்லாமல் கதைப்பாள். ஆனால் அன்றைக்கு நான் கோயிலில் நிற்க, போனை அம்மாவின் கையில் கொடுக்கும்போது சொன்னதற்குப் பிறகு, இன்றுவரை அவள் ஒருதடவைகூட என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.